உறுப்பும் ஊரும்: சத்திரசிகிச்சை பயில்வோரின் துறைத் தெரிவு பற்றி

திருகோணமலை மாவட்டத்துக் கிராமமொன்றில் முறிவு நெரிவு வைத்தியம் பார்க்கும் பெரியவர் ஒருவரை அணுகி, “ஐயா, உடம்பிலே இத்தனை உறுப்புகள் இருக்க நீங்கள் எலும்பைத் தெரிந்தெடுத்தது ஏன்?” என்று வினவுவோமாயின், அவர் நம்முடைய புத்தியின் நிலையைப் பற்றி ஐயுறுவாரேயன்றி அக்கேள்விக்கு மறுமொழி கூறமாட்டார். பாட்டனார் காய்ச்சிய எண்ணெயைத் தகப்பனார் காய்ச்சினார், தகப்பனார் மட்டை வைத்துக் கட்டிய விதத்தை மகன் பக்கத்திலிருந்து பார்த்தான், அவ்வளவே. விஷகடி ஒரு குடும்பத்துக்கும், கண் இன்னொரு குடும்பத்துக்கும், கட்டு பிளவை வேறொரு குடும்பத்துக்குமாக, வைத்தியத்தின் துறைகள் வீட்டோடும் வளவோடும் சேர்ந்து வந்த முதுசொமாய் இருந்தன. தெரிவு என்ற சங்கடம் அங்கே எழவில்லை.

துறை பிரித்தல் மேனாட்டார் கொண்டுவந்த புதுமை என்று எண்ணுவாரும் உளர். அது சரியன்று. ஆயுர்வேதத்தை எட்டு அங்கங்களாக வகுத்த பண்டையோர், கத்தியால் அறுத்துச் செய்யும் சல்லியத்தை ஒன்றாகவும், கண், காது, மூக்கு முதலிய தலைப்பகுதி உறுப்புகளைப் பற்றிய சாலாக்கியத்தை மற்றொன்றாகவும் தனித்தனியே நிறுத்தினர். சுசுருதரோ மாணவனின் கையைப் பூசணியிலும் சுரைக்காயிலும் பழக்கிய பின்னரே மனித உடம்பின்மீது வைக்கவேண்டுமென்று விதித்தார். நம்முடைய தீவிலே, 1848இல் மானிப்பாயில் மருத்துவப் பள்ளி கண்ட சாமுவேல் பிஸ்க் கிறீன் என்னும் அமெரிக்க மிஷனரி வைத்தியர், ஆங்கிலச் சத்திரசிகிச்சை நூலொன்றைத் தமிழாக்கி ‘இரணவைத்தியம்’ என்ற பெயரில் 1867இல் வெளிப்படுத்தியபோது, அந்த ஒரே புத்தகத்துக்குள் எலும்பும் குடலும் கண்ணும் சிறுநீர்ப்பையும் பேதமின்றி அடங்கியிருந்தன. அவரிடம் பயின்ற தமிழ் மாணாக்கர் எவரும், உடம்பின் எந்தப் பாகத்துக்குத் தாம் உரியவர் என்று யோசித்திருக்கமாட்டார். நோயாளி எந்தப் பாகத்தைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தாரோ, அன்றைக்கு அதுவே அவருடைய துறை.

இன்றைய இளம் வைத்தியருக்கு அந்த வசதி இல்லை. ஐந்தாண்டுப் பட்டப் படிப்பு, ஓராண்டு உள்ளகப் பயிற்சி, அதன்பின் எங்கோ ஓரிடத்தில் வைத்திய அதிகாரியாகச் சேவை, பிறகு 1980இல் கொழும்புப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்து அமைந்த பட்டப்பின் மருத்துவ நிறுவகத்தின் பரீட்சைகள், பதிவாளராகச் சில வருஷங்கள், சிரேஷ்ட பதிவாளராகச் சில வருஷங்கள், இடையே வெளிநாட்டில் ஓராண்டு அல்லது அதற்கு மேலான கட்டாயப் பயிற்சி என்று, பல்கலைக்கழக வாசலை மிதித்த நாள்முதல் நிபுணர் என்ற பட்டத்தைக் கையில் வாங்கும் நாள்வரை பதினான்கு பதினைந்து ஆண்டுகள் கழிந்துவிடுகின்றன. இந்த நீண்ட வழியில் எங்கோ ஒரு திருப்பத்தில் அவர், தாம் பொதுச் சத்திரசிகிச்சையாளராகவே நிற்பதா, அல்லது எலும்பு, சிறுநீர்த் தொகுதி, நரம்பு, இதயமும் நெஞ்சறையும், இரத்தக்குழாயும் உறுப்பு மாற்றும், குழந்தைகள், புற்றுநோய், ஒட்டறுவை, குடல் முதலியவற்றுள் ஒன்றுக்கு வாழ்நாளை ஒப்படைப்பதா என்று சொல்லியாக வேண்டும். அந்தச் சொல்லை எது தீர்மானிக்கிறது என்பதே இக்கட்டுரையின் விசாரணை.

சில ஆண்டுகளுக்கு முன்னர், உறவினர் ஒருவருக்குத் துணையாக வைத்தியசாலையொன்றின் வாட்டில் பல இரவுகள் விழித்திருக்க நேர்ந்தபோது, அங்கு கடமையிலிருந்த இளம் வைத்தியர் ஒருவரின் பரிச்சயம் எனக்குக் கிடைத்தது. ஒருநாள் விடியற்புறம் தேநீருக்காகத் தம்முடைய குவாட்டர்ஸுக்கு அழைத்துச் சென்றார். மேசை லாச்சியின் பிடியிலே கறுத்தப் பட்டு நூல் முடிச்சு முடிச்சாகத் தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு சாணுக்குக் குறையாத அந்த நூற்சடையில் நூற்றுக்கணக்கான முடிச்சுகள் ஒன்றின்மேலொன்றாய் ஏறியிருந்தன. என்னோடு பேசிக்கொண்டே, கண்ணால் பாராமல், இடக்கை விரல்கள் மட்டும் கொண்டு அவர் மேலும் மேலும் முடிந்துகொண்டிருந்தார். எந்தத் துறைக்குப் போவதாக உத்தேசம் என்று கேட்டேன்.

“எலும்புதான் ஐயா. கட்டிலில வந்த ஆள் நடந்து வீட்ட போகும். அதை நாங்கள் கண்ணால பாக்கலாம்.”

தேநீர் பாதி குடித்தாயிற்று. “எங்கட சேரும் எலும்புதான்” என்றார்.

கோப்பையை வைத்துவிட்டு எழும்பும்போது சொன்னார்: “என்ன சொன்னாலும், லிஸ்டில எத்தனையாவதா வாறன் எண்டதைப் பொறுத்துத்தான்.”

துறைத் தெரிவைப் பற்றிப் பல தேசங்களில் நிகழ்ந்த ஆராய்ச்சிகள் கண்டறிந்தவற்றில் பெரும்பகுதி இம்மூன்று வாக்கியங்களுக்குள் அடங்கிவிட்டதாகவே எனக்குத் தோன்றுகிறது. அவர் சொன்ன வரிசையும் கவனிக்கத்தக்கது: உலகத்துக்குச் சொல்லும் காரணம் முதலில் வந்தது, உள்ளத்துக் காரணம் அரைக் கோப்பைத் தேநீருக்குப் பின் வந்தது, காரியத்தை நடத்தும் காரணம் எழும்பும்போதே வந்தது.

முதற் காரணத்தை இலேசாக ஒதுக்கிவிடுதல் தகாது. உடல்நோய் வைத்தியத்திலே மருந்து கொடுத்து மாதக்கணக்கில் காத்திருக்கவேண்டும். கத்தி எடுத்தவனுக்கோ பலன் அன்றைக்கே கண்முன் நிற்கிறது. சத்திரசிகிச்சைக்குள்ளும் இந்தப் பேதம் உண்டு. உடைந்த தொடையெலும்பு பொருந்தியதைப் படம் பிடித்துச் சுவரிலே காட்டலாம். மூளையில் அடிபட்டவன் பிழைத்தாலும் அவன் பழைய மனிதனாகத் திரும்புவானோ என்பதை அறிய ஆண்டுகள் செல்லும். கைவேலையில் பிரியமும், பலனை உடனே காணும் அவாவும் உடையவர்கள் ஒரு பக்கமாகவும், நுணுக்கத்திலும் நீண்ட நேர நிதானத்திலும் இன்பங் காண்பவர்கள் வேறு பக்கமாகவும் சாய்வது இயல்பே. ஆயினும், சுபாவம் என்று நாம் சொல்லுவது பெரும்பாலும் முதலில் நின்ற வாட்டின் பழக்கமே என்பது என் அபிப்பிராயம். உள்ளகப் பயிற்சிக் காலத்தில் யாருடைய பிரிவில் ஒருவர் ஆறு மாதம் இரவு பகல் உழைத்தாரோ, யார் தம் கையிலிருந்த கத்தரிக்கோலை நீட்டி “தம்பி, இதை நீர் வெட்டும்” என்றாரோ, அவருடைய துறை அழகாகத் தோன்றத் தொடங்குகிறது. ஆங்கிலேய, அமெரிக்க ஆராய்ச்சிகள் பலவும் வழிகாட்டியான ஆசிரியரின் செல்வாக்கை ஒரு பிரதான காரணமாகக் குறித்துள்ளமை குருகுல வாசனை மறையாத நமக்குப் புதுமையன்று. வேறுபாடு ஒன்றே: பழைய வைத்தியருக்குத் தகப்பன் துறையைக் கொடுத்தான், புதிய வைத்தியருக்கு ‘சேர்’ கொடுக்கிறார்.

அபூர்வமாகச் சில வேளைகளில், ஆசிரியரின் இடத்தில் நோயாளியே வந்து நின்றுவிடுவதுண்டு. வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு 1946இல் வந்துசேர்ந்த போல் பிராண்ட் என்னும் எலும்புச் சத்திரசிகிச்சையாளர், செங்கற்பட்டுத் தொழுநோய் நிலையத்தைப் பார்க்கச் சென்றவிடத்தில், விரல்கள் மடங்கி முடங்கிப்போன ஒரு நோயாளியின் கையைப் பற்றினார். செத்துவிட்டதென்று எல்லாரும் கைவிட்ட அந்தக் கை தம்முடைய கையை வலியெடுக்கும்படி இறுக்கியதைக் கண்டு, தசையெல்லாம் அழிந்துவிடவில்லை, நல்ல தசைநாரை இடம்மாற்றித் தைத்தால் விரல் நிமிரும் என்ற எண்ணங்கொண்டார். அந்த ஒரு பிடி அவருடைய எஞ்சிய ஆயுளின் துறையை நிருணயித்தது. அவருடன் பணிசெய்த மேரி வர்கீஸ் என்னும் பெண் வைத்தியரின் சரித்திரம் அதனினும் விசேஷமானது. 1954இல் வாகன விபத்தொன்றில் முதுகுத்தண்டு முறிந்து இடுப்பின்கீழ் உணர்விழந்த அவர், நின்றுகொண்டு செய்யும் சத்திரசிகிச்சை இனி இயலாதென்ற நிலையில், உட்கார்ந்தபடியே செய்யக்கூடியது கைச் சத்திரசிகிச்சையாதலின் சக்கர நாற்காலியிலிருந்தே தொழுநோயாளரின் கைகளைத் திருத்தினார். பின்னர் அமெரிக்கா சென்று மறுவாழ்வு மருத்துவம் பயின்று வந்து, வேலூரிலே அத்துறைக்கு அடிகோலினார். தெரிவு என்ற சொல்லை அவருடைய விஷயத்தில் எந்த அர்த்தத்தில் வழங்குவது?

தனிமனிதருக்கு விபத்து செய்ததைச் சில காலங்களில் யுத்தம் ஒரு தலைமுறைக்கே செய்துவிடுகிறது. முதலாம் உலக யுத்தத்தில் முகம் சிதைந்த போர்வீரர்கள் ஆயிரக்கணக்கில் வந்து குவிந்திராவிட்டால், காது மூக்குத் தொண்டை வைத்தியராயிருந்த ஹறோல்ட் கில்லீஸ் நவீன ஒட்டறுவையின் தந்தையாகியிருக்கமாட்டார். நம்முடைய துறைமுகமும் அத்தகைய காட்சியைக் கண்டதே. 2009 பெப்ரவரி 10ஆம் திகதி, புதுமாத்தளன் கரையிலிருந்து 240க்கு மேற்பட்ட காயக்காரரையும் நோயாளரையும் ஏற்றிக்கொண்டு செஞ்சிலுவைச் சங்கத்தாரின் ஏற்பாட்டில் கப்பல் திருகோணமலைக்கு வந்தது. அதன்பின் மே மாதம்வரை, முதலில் இங்கும் பின்னர் புல்மோட்டைக்குமாகக் கடல்வழியே கொண்டுவரப்பட்டோர், உடன் வந்த உறவினர் உட்பட, பதின்மூவாயிரத்துக்கு மேற்பட்டோர். புல்மோட்டையில் இந்திய வைத்தியக் குழுவொன்று கள வைத்தியசாலை அமைத்தது. சிதறிய எலும்பு, அறுந்த நாளம், சீழ்பிடித்த வயிற்றுக் காயம் ஆகியவற்றுக்கு நடுவே பயிற்சி பெற்ற அந்த ஆண்டுகளின் இளைஞரிடையே, எலும்பின் பக்கமும் இரத்தக்குழாயின் பக்கமும் மனம் சாய்ந்தவர்களை நான் அறிவேன். அக்காலத்தோடு கத்தியையே வெறுத்து, மயக்க மருந்துத் துறைக்கும் கதிர்ப்படத் துறைக்கும் ஒதுங்கியவர்களையும் அறிவேன். ஒரே அனுபவம் ஒருவரை இழுக்கிறது, ஒருவரைத் தள்ளுகிறது. இதை எந்தப் புள்ளிவிவரத்தில் அடக்குவது என்று எனக்கு விளங்கவில்லை.

விஞ்ஞானமும் சும்மா இருப்பதில்லை. ஒரு காலத்தில் இரைப்பைப் புண்ணுக்கு வயிற்றைத் திறந்து நரம்பு அறுப்பது பொதுச் சத்திரசிகிச்சையாளரின் நித்திய கருமமாயிருந்தது; 1982இல் மார்ஷல், வாறன் என்னும் அவுஸ்திரேலியர் இருவர் அப்புண்ணுக்குக் காரணமான கிருமியைக் கண்டுபிடித்ததனால், அந்த வேலை கத்தியினிடமிருந்து மாத்திரைக்கு மாறிற்று. இதயத்து நாடியைக் குழாய் விட்டு விரிக்கும் முறை பரவியபின், மேனாடுகளில் இதயச் சத்திரசிகிச்சைக்கு விண்ணப்பிப்போர் தொகை சில காலம் விழுந்தது. பதினைந்து ஆண்டு பயின்று முடிக்கும்போது தமது துறை உயிரோடிருக்குமா என்று எண்ணிப்பார்க்கும் இளைஞனைச் சுயநலக்காரன் என்று ஏசுவது எளிது.

அவ்வாறே ஓய்வைப் பற்றிய விசாரமும். ‘கட்டுப்படுத்தக்கூடிய வாழ்க்கைமுறை’ என்ற தொடர் 1989 முதல் அமெரிக்க மருத்துவக் கல்வி எழுத்துகளில் அடிபடுகிறது. இரவு அழைப்பு எத்தனை, ஞாயிற்றுக்கிழமை யாருக்குச் சொந்தம் என்ற கணக்கைப் பார்த்தே இளையோர் துறை தேர்கின்றனர் என்பது அதன் சாரம். பயிலுநரின் வேலை வாரத்துக்கு 80 மணிக்கு மேற்படலாகாதென்று அந்நாட்டில் 2003இல் வரம்பிட்டதன் பின்னும் அந்தப் போக்கு மாறிவிடவில்லை. நம்மவரிடையே இக்கணக்கைப் பெரும்பாலும் பெண்களின் தலையில் சுமத்திவிட்டோம். மருத்துவ பீடங்களில் பாதிக்கு மேற்பட்டோர் பெண்களாயிருந்தும், சத்திரசிகிச்சைக் கூடத்தில் தலைமைக் கத்தி பிடிப்போரில் அவர்கள் சிலரே. “பிள்ளை, உனக்கேன் இந்தக் கஷ்டம்” என்று பரிவோடு சொல்லப்படும் வாக்கியம், பரீட்சை வடிகட்டியதைவிட அதிகமானோரை வடிகட்டியிருக்கக்கூடும்.

இனி மூன்றாவது வாக்கியத்துக்கு வருவோம். நம் நாட்டில் உள்ளகப் பயிற்சிக்கு எந்த வைத்தியசாலை என்பதுமுதல், வைத்தியருடைய வாழ்க்கையின் பல திருப்பங்களில் தகுதி வரிசை என்னும் லிஸ்டே கைகாட்டி மரமாய் நிற்கிறது. முன்னே நிற்பவர் முன்னே எடுக்கிறார். பின்னே நிற்பவருக்கு மிஞ்சியது விருப்பமாகிவிடுகிறது. அமெரிக்காவில் 1952முதல், பயிலுநர் தம் விருப்பங்களை வரிசையாக எழுதிக்கொடுக்க, வைத்தியசாலைகளும் தாம் விரும்புவோரை வரிசையாக எழுதிக்கொடுக்க, இரு வரிசைகளையும் பொருத்தி இடம் வழங்கும் முறை நடைபெறுகிறது; அத்தகைய பொருத்தங்களின் கணிதத்தை ஆராய்ந்ததற்காகவே றொத், ஷப்லி என்போர் 2012இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்றனர். கலியாணத்துக்குச் சாதகப் பொருத்தம் பார்த்துப் பழகிய நாம், இவ்விஷயத்தில் மட்டும் இரு பக்கமும் பாராமல் ஒரு பக்கத்துப் புள்ளிகளை மாத்திரம் பார்க்கிறோம். ஆனாலும் லிஸ்டை நான் நிந்திக்கமாட்டேன். சிபாரிசுக் கடிதமும் மந்திரியின் தொலைபேசியும் எட்டாத இடமொன்று இந்நாட்டில் உண்டென்றால் பெரும்பாலும் அது லிஸ்டுதான். கிண்ணியாவில் மீன் விற்பவரின் மகனும் கொழும்பில் பேராசிரியரின் மகளும் அதன்முன் எண்கள் மட்டுமே. அதன் குறை வேறு. யார் எத்தனையாவது என்பதை அது அறியும். யாருடைய கைக்கு எது படியும் என்பதை அறியாது. எந்த ஊருக்கு யார் வேண்டுமென்பதையும் அறியாது.

ஊர் என்ற சொல் வந்துவிட்டது. என் எண்ணத்தில் இவ்விசாரணையின் மையம் அதுவே. உறுப்பைத் தெரிவதாக நினைத்துக்கொண்டு இளம் வைத்தியர் தெரிவது ஊரையே. நரம்புச் சத்திரசிகிச்சை செய்பவருக்கு வெறும் கத்தி போதாது. அதற்குரிய படமெடுக்கும் இயந்திரம், தீவிர சிகிச்சைக் கட்டில், பயின்ற தாதியர், மயக்க மருந்து நிபுணர் எல்லாம் வேண்டும். அவை பெரிய போதனா வைத்தியசாலைகளிலேயே ஒருங்கே உள்ளன. ஆகவே அத்துறையைத் தெரிந்தவர் கொழும்பையோ கண்டியையோ அவைபோன்ற நகரையோ தெரிந்தவராகிறார். பொதுச் சத்திரசிகிச்சையைத் தெரிந்தவரோ எந்த ஆதார வைத்தியசாலைக்கும் அனுப்பப்படக்கூடியவர். பிள்ளையின் பள்ளிக்கூடம், மனைவியின் அல்லது கணவனின் உத்தியோகம், மாலை வேளையில் கட்டணத்துக்குச் ‘சனல்’ பார்க்கும் தனியார் நிலையங்களின் நெருக்கம் என்பன, உறுப்பின் பெயரால் எழுதப்படும் விண்ணப்பத்துக்குள் மறைந்து கிடக்கின்றன. கட்டாய வெளிநாட்டுப் பயிற்சியும் அப்படியே: எந்தத் துறைக்கு எந்தத் தேசத்தில் இடம் எளிதாகக் கிடைக்கும் என்பது முன்னமே ஆராயப்படுகிறது. 2022இன் பொருளாதார நெருக்கடிக்குப் பின்னர், ஓராண்டுக்கென்று சென்றவர்களில் பலர் அங்கேயே தங்கிவிட்டதை நாடறியும்.

ஊருக்கு வேண்டியது என்ன? 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி திருகோணமலை மாவட்டத்தில் ஏறத்தாழ 3,80,000 பேர். தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் என மூவினத்தாருள் எவரும் பாதிக்கு மேற்படாத மாவட்டம். கொழும்புக்கு ஏறக்குறைய 260 கிலோமீற்றர்; அனுராதபுரமும் மட்டக்களப்பும் நூறு கிலோமீற்றருக்கு அப்பால். உலகச் சத்திரசிகிச்சையைப் பற்றி லான்செட் சஞ்சிகை அமைத்த ஆணைக்குழு 2015இல், ஓர் இலட்சம் பேருக்குச் சத்திரசிகிச்சை, மயக்க மருந்து, மகப்பேறு ஆகிய துறைகளில் 20 நிபுணர்களாவது வேண்டுமென்றும், ஒரு வைத்தியசாலையின் தகுதியை அறிய வயிற்றைத் திறந்து செய்யும் சிகிச்சை, சிசேரியன், தோல் கிழிந்து வெளிப்பட்ட எலும்பு முறிவைச் சீர்செய்தல் என்னும் மூன்றையும் பார்த்தால் போதுமென்றும், அவை இரண்டு மணி நேரத்துக்குள் எட்டவேண்டுமென்றும் கூறியது. அக்கணக்கின்படி இம்மாவட்டத்துக்கு எழுபத்தாறு பேர் தேவை. அந்த மூன்றில் எதுவும் நுண்துறையின் வித்தையன்று என்பதை வாசகர் கவனிக்கவேண்டும்.

கொட்டியாரக் குடாவைத் தாண்டி மூதூர் நோயாளி லோஞ்சிலே கட்டில் சகிதம் ஏற்றப்பட்ட நாட்கள் பலருக்கு நினைவிருக்கும். 2009 ஒக்டோபரில் 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டபின் தரைவழி எளிதாயிற்று. ஆனால் பாலம் நோயாளியைத்தான் கொண்டுவரும். வருபவர் யார் என்று பாருங்கள்: சட்டம் தடுத்தும் டைனமைட் எறிந்து மீன்பிடித்து உள்ளங்கையை இழந்தவர், திருக்கை முள் ஏறிய காலோடு இரண்டு நாள் வீட்டில் கிடந்தவர், கந்தளாய் வீதியில் மோட்டார் சைக்கிளோடு விழுந்தவர், சர்க்கரை வியாதியால் பெருவிரல் கறுத்தவர். டைனமைட் சிதைத்த அந்தக் கை, நுண்ணிய கைச் சத்திரசிகிச்சையாளரின் நாலைந்து மணி நேரத்தை வேண்டுவது. கிடைப்பதோ, இரவு பன்னிரண்டு மணிக்கு வயிற்றுச் சிகிச்சையொன்றை முடித்துவிட்டுக் கையுறை மாற்றி வரும் பொதுச் சத்திரசிகிச்சையாளர். அவர் நல்லவர், வல்லவர். ஆனால் அவருடைய இனம் அருகிக்கொண்டு வருகிறது. எல்லாம் செய்யவல்லவர் என்ற பெயருக்கு முன்பிருந்த கௌரவம், ஒன்றை மட்டும் செய்பவருக்கு மாறிவிட்டது. பயிற்சி நடக்கும் பெரிய வைத்தியசாலைகளில் ‘ஜெனரல்’ என்பது, வேறொன்றும் கிடைக்காதவர் தங்கும் மடம்போலப் பேசப்படுவதைக் காதால் கேட்டிருக்கிறேன்.

இதற்குப் பரிகாரம் ‘சேவை மனப்பான்மை’ பற்றிய பிரசங்கமன்று. ஊர்ப்புறங்களில் வைத்தியரை நிலைக்கச் செய்வதைப் பற்றி உலக சுகாதார ஸ்தாபனம் 2010இல் வெளியிட்ட வழிகாட்டலில், ஊர்ப்புறத்துப் பிள்ளைகளை மருத்துவத்துக்கு எடுப்பதும், ஊர்ப்புறத்திலேயே பயிற்றுவிப்பதும் முன்னிடம் பெறுகின்றன. யாழ்ப்பாணத்தில் 1978இலும் பின்னர் மட்டக்களப்பிலும் மருத்துவ பீடங்கள் ஏற்பட்டதன் பயன் அந்த வழியிலேயே வருவது. ஆனால் பட்டம் ஊரருகில் கிடைத்தாலும் நிபுணத்துவப் பயிற்சியின் பெரும்பகுதி மேற்குக் கரையில் நடக்கும்வரை, முதற் கத்தரிக்கோலை நீட்டும் ‘சேர்’ அங்கேதான் இருப்பார்.

ஊரின் தேவைக்கு இன்னோர் உதாரணம்: இம்மாவட்டத்தின் வடமேற்கு மூலையில் பதவி சிறிபுர என்ற பிரிவு உண்டு. வடமத்திய மாகாணத்தைத் தொண்ணூறுகளிலிருந்து வருத்திவரும், காரணம் முழுதும் துலங்காத சிறுநீரக நோய் அங்கும் பரவியிருக்கிறது. சிறுநீரகம் செயலிழந்தவருக்கு வாரத்தில் இரண்டு மூன்று நாள் இரத்தத்தை வெளியே எடுத்து வடித்து உள்ளே விடவேண்டும். அதற்கு வசதியாக, கையிலே நாடியையும் நாளத்தையும் ஒன்றோடொன்று தைத்து ஒரு வழி செய்யவேண்டும். அந்த இடத்தை மட்டும் விறைக்கச் செய்து ஒரு மணி, ஒன்றரை மணி நேரத்தில் முடியும் தையல். பத்திரிகையில் படம் வராது. ‘சனல்’ நிலையத்தில் அதற்கென்று நீண்ட வரிசை நிற்காது. இரத்தக்குழாய்ச் சத்திரசிகிச்சையைத் தெரிந்தெடுக்கும் இளைஞர், உறுப்பு மாற்றும் பெருஞ் சிகிச்சையை மனத்தில் வைத்தே அதைத் தெரிகின்றனர். இந்தச் சிறு தையலை எண்ணித் தெரிந்தவர் எவரையும் நான் கண்டதில்லை.

அப்பகுதியிலிருந்து வந்த கமக்காரர் ஒருவர், நான் துணையிருந்த அதே நாட்களில், வாட் வாசல் வாங்கில் எனக்குப் பக்கத்தில் அமர்ந்திருந்தார். என் அரைகுறைச் சிங்களத்தில் விசாரித்தேன். சட்டைக்கையை மடித்து, மணிக்கட்டுக்குச் சற்று மேலே விரலை வைத்துப் பார்க்கச் சொன்னார். தோலுக்குக் கீழே, மடியில் படுத்த பூனை உறுமுவதுபோல ஓயாமல் ஒரு நடுக்கம் ஓடிக்கொண்டிருந்தது. தைத்த வைத்தியர் இப்போது இங்கில்லை, மாற்றலாகிப் போய்விட்டார் என்றார். இடது கை அடைத்துப்போனால் வலது கையில் செய்யலாமாம். அதற்கு யார் வருவார் என்று தாதியிடம் கேட்டு வைத்திருப்பதாகச் சொல்லிவிட்டு, சட்டைக்கையை இறக்கிப் பொத்தானைப் பூட்டிக்கொண்டார்.